ஒற்றை எழுத்தில் ஒரு கழகம்

யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் அந்தப் பெயரில் ஜப்பானின் ஜே லீக்கில் ஆடியது ஆறே பருவங்கள்தான். 1993இல் பத்துக் கழகங்களோடு லீக் தொடங்கியபோது அதுவும் ஒன்றாக இருந்தது. 1998 பருவத்தோடு மறைந்தது. செத்ததா, வேறொன்றுக்குள் போனதா, மறுபடி பிறந்ததா என்று அந்த ஊர் ஆதரவாளர்களைக் கேட்டால் ஒரே விடை வராது. ஒரு பொருள் மாறிக்கொண்டே இருக்கும்போது எதுவரை அதே பொருள் என்ற பழைய தத்துவக் கேள்வி, இங்கே கால்பந்துத் திடலுக்கு வந்து நிற்கிறது.

கழகத்தின் வேர் 1964இல் யோகோஹாமாவில் தொடங்கிய ஒரு சிறுவர் விளையாட்டுக் குழு. பிறகு ஆல் நிப்பான் ஏர்வேஸ் விமான நிறுவனம் அதைக் கையில் எடுத்தது. ஜே லீக்குக்கு வந்தபோது அணிக்கு ஜெர்மன் மொழியில் ‘சிறகுகள்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். விமான நிறுவனத்துக்கு வேறென்ன பெயர் பொருந்தும்! கட்டுமான நிறுவனமான சாட்டோ கோக்யோவும் முதல் போட்டது. 1994 புத்தாண்டு நாளில் பேரரசர் கோப்பை கிடைத்தது, அதன் வழியாக ஆசியக் கோப்பை வென்றோர் கோப்பையும். ஆனால் அதே நகரில், அதே மிட்சுசாவா அரங்கில், நிசான் நிறுவனத்தின் மரினோஸும் ஆடிவந்தது. ஜப்பானியப் பொருளாதாரம் சரிந்த ஆண்டுகளில் சாட்டோ கோக்யோ விலகியது. தனியாகச் சுமக்க விமான நிறுவனத்தாலும் முடியவில்லை. 1998 அக்டோபர் கடைசியில் இரு கழகங்களும் இணையும் என்ற அறிவிப்பு வந்தது. வீரர்களிடமும் ஆதரவாளர்களிடமும் முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அந்த அறிவிப்புக்குப் பிறகு ஃப்ளூகெல்ஸ் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1999 ஜனவரி 1 அன்று டோக்கியோ தேசிய அரங்கில் பேரரசர் கோப்பை இறுதி ஆட்டம். முதல் கோலை ஷிமிசு எஸ்-பல்ஸ் அடித்தது. குபோயாமா சமன் செய்தார். யோஷிடா அடித்த கோலில் 2-1 என ஃப்ளூகெல்ஸ் வென்றது. யாமாகுச்சி தலைமையிலான அணி கோப்பையைத் தூக்கிப் பிடித்தபோது, அந்த அணிக்கு அடுத்த ஆட்டம் என்று ஒன்று இருக்கவில்லை.

பருவத் தொடக்கத்தில் நடக்கும் சூப்பர் கோப்பையில் லீக் வாகையரும் பேரரசர் கோப்பை வாகையரும் மோதுவது வழக்கம். 1999இல் காஷிமா ஆன்ட்லர்ஸை எதிர்த்து ஆடியது, இறுதி ஆட்டத்தில் தோற்ற எஸ்-பல்ஸ். ஆசியப் போட்டிக்குப் போகும் வாய்ப்பும் அதற்கே கிடைத்தது. அங்கே போய்க் கோப்பையையும் வென்றது. ‘இணைந்த’ கழகம் உண்மையிலேயே ஃப்ளூகெல்ஸின் தொடர்ச்சி என்றால், வெற்றியின் பலன் அதற்கல்லவா போயிருக்க வேண்டும்? போகவில்லை. மரினோஸ் எடுத்துக்கொண்டது ஒரே ஓர் எழுத்தை: யோகோஹாமா எஃப் மரினோஸ். யோஷிடா போன்ற ஒரு சிலர் அங்கே போனார்கள். கோல் காப்பாளர் நாராசாக்கி நகோயாவுக்கும், அப்போது பதின்ம வயதுப் புதுமுகமாக இருந்த யாசுஹிட்டோ எண்டோ கியோட்டோவுக்கும் போனார்கள்.

கழகம் என்பது எது என்று பிரித்துப் பார்த்தால் கையில் எதுவும் தங்குவதில்லை. வீரர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள், அரங்கம் வாடகை, முதலாளி மாறலாம், பெயரையும் மாற்றலாம். மெனாண்டர் என்ற கிரேக்க அரசனுக்கு நாகசேனர் என்ற பிக்கு விளக்கியதாகப் பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹா சொல்வதும் இதையே. சக்கரமோ அச்சோ நுகமோ தனித்தனியே தேர் ஆகாது. அவை கூடியிருக்கும்போது வழங்கும் பெயர்தான் தேர். இரவெல்லாம் எரியும் விளக்கின் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல. இதை ஏற்றால், பெயர் போன அன்றே ஃப்ளூகெல்ஸும் போயிற்று. அழ ஒரு பொருளும் இல்லை. தர்க்கம் சரிதான். ஆனால் அரங்கத்தில் அழுதவர்களுக்கு இது போதவில்லை.

ஜப்பானிலேயே இன்னொரு பார்வை மரத்தால் கட்டப்பட்டு நிற்கிறது. ஷிந்தோ மதத்தின் தலையாய கோயிலான இசேயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை, பழைய சன்னதிக்குப் பக்கத்து மனையில் அதே அளவில் புதுச் சன்னதி எழுப்பி, இரவில் தெய்வத்தை அதற்கு எழுந்தருளச் செய்கிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. பழைய தலைத்தூண்கள் கோயில் நுழைவிலுள்ள உஜி பாலத்தின் இரு முனைத் தோரணங்களாகின்றன. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுப் போர்களில் இந்தச் சடங்கு நூற்றிருபது ஆண்டுக்கு மேல் நின்றே போனது. எண்ணிக்கை அந்த இடைவெளியைத் தாண்டித் தொடர்ந்தது. ஆக, அங்கே அதே கோயில் என்பது அதே மரத்தால் வருவதல்ல, இடைவிடாமையாலும் வருவதல்ல. அதைக் கட்டத் தெரிந்த கைகளும், அதுவே என்று ஏற்கும் மனங்களும் இருந்தால் போதும்.

மிச்சமிருந்த ஆதரவாளர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பார்சிலோனா கழகத்தின் ‘சோசியோ’ முறையைப் பின்பற்றி, உறுப்பினர் பணத்தில் 1999இல் யோகோஹாமா எஃப்சியைத் தொடங்கினார்கள். அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரில், பழைய அணியின் செல்லப்பெயரான ‘ஃபுரியே’ இடம்பெற்றது. சின்னம், சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை. 1999லும் 2000லும் மூன்றாம் நிலை லீக்கான ஜேஎஃப்எல்லின் பட்டம் வென்று 2001இல் இரண்டாம் பிரிவுக்கு வந்தார்கள். ஆனால் நிர்வாகத்துக்கும் உறுப்பினர்களுக்கும் பிணக்கு முற்றி, அந்த உறுப்பினர் முறையே குலைந்தது. கட்டிய கைகள் விலகிய பின்னும் கோயில் அதேதானா என்ற கேள்வி இம்முறை அவர்கள் எழுப்பிய கழகத்தின் வாசலுக்கே வந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு ஜென் ஆசான் டோகென், ஃபீனிக்ஸ் கதையை ஏற்றிருக்கமாட்டார். விறகு எரிந்து சாம்பலாகும். அதற்காக விறகை ‘முன்பு’ என்றும் சாம்பலைப் ‘பின்பு’ என்றும் ஒரே பொருளின் இரு நிலைகளாக எண்ணக் கூடாது என்பது அவர் கட்சி. விறகு விறகாகவே முழுமை, சாம்பல் சாம்பலாகவே முழுமை. இந்த வழக்கில் இதுவே மற்ற இரண்டையும்விட நேர்மையான விடையாகப் படுகிறது. ஃப்ளூகெல்ஸின் வாழ்வு அந்தப் புத்தாண்டு நாளில் குறையில்லாமல் முடிந்தது. அதை நீட்டிக்காட்ட மரினோஸுக்கு எழுத்தும் வேண்டாம், புதுக் கழகத்துக்குப் பறவையும் வேண்டாம்.

2006இல் இரண்டாம் பிரிவை வென்ற யோகோஹாமா எஃப்சி, 2007 மார்ச்சில் முதல் பிரிவில் எஃப் மரினோஸை எதிர்கொண்டது. ஆட்டம் நடந்தது மிட்சுசாவாவில். ஒரு பக்கத்து அணியின் பெயரில் ஃப்ளூகெல்ஸின் எழுத்து. மறுபக்கத்தில் அதன் செல்லப்பெயரைத் தாங்கிய நிறுவனம். யோகோஹாமா எஃப்சி 1-0 என வென்றது. அந்தப் பருவத்தின் முடிவில் கடைசி இடத்தில் நின்று, மறுபடி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.