பார்க்காத அலைவரிசைக்கும் பணம்: தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தின் நியாயம்

பிரிட்டனில் எந்த நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக இருந்தாலும், அது ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்க்கச் சட்டப்படி உரிமம் வேண்டும். பிபிசியின் ‘ஐபிளேயர்’ சேவைக்கும் அதே உரிமம் வேண்டும். 2025 ஏப்ரலில் இதன் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டாக உயர்ந்தது. கிட்டத்தட்ட முழுத் தொகையும் பிபிசிக்கே போய்ச் சேர்கிறது. பிபிசியை ஒருநாளும் திறக்காமல், விளம்பர வருவாயில் இயங்கும் ஐடிவியை மட்டும் பார்க்கும் குடும்பமும் இதைக் கட்டியாக வேண்டும். 2003ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் கீழ் உரிமமில்லாமல் பார்ப்பது குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். இந்த ஏற்பாடு நியாயமா என்ற கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒரு ஒளிபரப்புச் சேவைக்காகக் குடிமக்களைக் கட்டாயப்படுத்திப் பணம் வாங்கலாமா என்பது ஒன்று. வாங்கலாம் என்றால் எந்த வடிவில், யாரிடம், எவ்வளவு என்பது மற்றொன்று. கட்டணத்தை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். எதிர்ப்பவர்களோ இரண்டாவதில் கண்ட குறையை வைத்து முதலாவதையே தள்ளிவிடுகிறார்கள்.

கட்டணம் தொடங்கியபோது இந்தச் சிக்கல் இல்லை. 1922இல் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சல் துறைக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங் கட்ட வேண்டியிருந்தது. 1946இல் தொலைக்காட்சியையும் சேர்த்து 2 பவுண்டு உரிமம் வந்தது. அந்நாளில் ஒலிபரப்பும் ஒளிபரப்பும் பிபிசி ஒன்றிடமே இருந்தன. பெட்டி வாங்கியவர் பிபிசியை நாடித்தான் வாங்கினார் என்று கொள்ள இடமிருந்தது. 1955இல் ஐடிவி தொடங்கியதும் அந்தத் தொடர்பு தளர்ந்தது. 1971இல் வானொலிக்கான தனி உரிமம் ஒழிக்கப்பட்டபோது கணக்கு இன்னும் விசித்திரமானது. காலை முதல் இரவு வரை பிபிசி வானொலியே கேட்பவர் இன்று ஒரு காசும் தருவதில்லை. தனியார் அலைவரிசையில் சந்தா கட்டிக் கால்பந்து மட்டும் பார்ப்பவர் முழுத் தொகையும் தருகிறார். பயன்படுத்துவதற்கான விலையாக இதை யாரும் நியாயப்படுத்த முடியாது. இது வரி. வரிக்குரிய அளவுகோல்களால்தான் இதை எடை போட வேண்டும்.

மனச்சான்றை முன்வைக்கும் மறுப்பு பழமையானது. சமய வரலாற்றிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆங்கிலிக்கத் தேவாலயக் கட்டடத்தைப் பேணுவதற்காக வீட்டுக்காரர்கள் அனைவரிடமும் தேவாலய வரி வாங்கப்பட்டது. அந்தத் திருச்சபையை ஏற்காத பாப்டிஸ்டுகளும் குவேக்கர்களும் அதற்கு விலக்கல்ல. செம்ஸ்ஃபோர்டு நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஜான் தோரோகுட் ஐந்தரை ஷில்லிங் வரியைக் கட்ட மறுத்து 1839இல் சிறைக்குப் போனார். தொகை சின்னது என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. தான் நம்பாத ஒன்றைப் பரப்பத் தன் காசு போகக் கூடாது என்பதே அவருடைய நிலை. கட்டாயத் தேவாலய வரி 1868இல் நீக்கப்பட்டது. அதற்கு வெகுமுன்பே, 1786இல், தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய வர்ஜீனியா சமயச் சுதந்திரச் சட்டம் இதே கொள்கையைச் சொல்லிவிட்டது: ஒருவர் ஏற்காத கருத்துகளைப் பரப்ப அவரிடமே பணம் பிடுங்குவது கொடுங்கோன்மை.

பிபிசி ஒரு சமயத்தைப் பரப்பும் அமைப்பல்ல. ஒரு பக்கம் சாராமல் நடந்துகொள்ள அரச சாசனத்தால் கடமைப்பட்டது. அதனால் தேவாலய வரியோடு ஒப்பிடுவது பொருந்தாது என்பது வழக்கமான பதில். பதிலில் வலு உண்டு, முழு வலு இல்லை. நடுநிலை என்று ஒரு நிறுவனம் கருதுவது அதன் செய்தி அறையில் அமர்ந்திருப்பவர்களின் படிப்பும் வர்க்கமும் சேர்ந்து உருவாக்கியதாகவும் இருக்கலாம். பிபிசியின் ரேடியோ 4 அலைவரிசையில் காலைச் செய்திகளுக்கு நடுவே ஒலிக்கும் ‘தாட் ஃபார் தி டே’ உரையைச் சமயங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே வழங்குகிறார்கள். கடவுள் மறுப்பாளர்கள் அதில் இடம் கேட்டுப் பல ஆண்டுகளாகியும் கிடைக்கவில்லை. ஆனாலும் மனச்சான்று வாதத்தை முழுதாக ஏற்றால் அது ஒளிபரப்போடு நிற்காது. போரை வெறுப்பவர் ராணுவத்துக்கும், கருத்தடையை எதிர்ப்பவர் அரசு மருத்துவமனைக்கும் வரி கட்ட மறுக்கலாம். இந்தத் துறைகளில் எந்த அரசும் அந்த விலக்கைப் பொதுவாகத் தருவதில்லை. எனவே கட்டாயம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கட்டாயப்படுத்தும் அளவுக்கு அந்தச் சேவை பொதுவானதா என்று பார்ப்பதே பயன் தரும்.

இருபதாம் நூற்றாண்டு மெய்யியல் இதை நேர்மைப் பங்கு என்ற கருத்தால் அணுகியது. சிலர் தங்கள் விருப்பத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு ஒரு கூட்டு முயற்சியை நடத்தும்போது, அதன் பயனைப் பெறுகிறவரும் தம் பங்கைத் தர வேண்டும் என்று எச்.எல்.ஏ. ஹார்ட் 1955இல் வாதிட்டார். ஜான் ரால்ஸ் அதை வளர்த்தார். இதற்கு மறுப்பாக ராபர்ட் நோசிக் 1974இல் சொன்ன எடுத்துக்காட்டு, உரிமக் கட்டணத்துக்காகவே செய்தது போல இருக்கும். ஒரு குடியிருப்பில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். உங்களைத் தவிர 364 பேர், ஆளுக்கொரு நாள், பாட்டும் கதையும் செய்தியும் போடுகிறார்கள். ஜன்னல் வழியே கேட்டு நீங்களும் ரசித்திருக்கிறீர்கள். உங்கள் முறை வரும்போது ஒரு நாளைத் தியாகம் செய்தே ஆக வேண்டுமா? தேவையில்லை என்றார் நோசிக். கேட்காமலே வீட்டுக்குள் தள்ளப்பட்ட பயன் யாரையும் கடன்காரராக்காது.

ஏ. ஜான் சிம்மன்ஸ் 1979இல் இதைக் கூர்மையாக்கினார். பயன் தானாக வந்து சேர்வது வேறு, தெரிந்து விரும்பி ஏற்பது வேறு. ஏற்றவருக்கே கடமை உண்டு. இந்த அளவுகோலின்படி பிபிசியைத் தேடிப் பார்ப்பவர் கடமைப்பட்டவர், ஐடிவி மட்டும் பார்ப்பவர் அல்லர். ஜார்ஜ் க்ளோஸ்கோ இன்னொரு வழியைத் திறந்தார். நாட்டுப் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு போல யாருடைய வாழ்வுக்கும் இன்றியமையாதவை என்றால், விரும்பி ஏற்காதவரும் பங்கு தர வேண்டும் என்பது அவர் கருத்து. அப்படியானால் தொலைக்காட்சி அந்த வரிசையில் வருமா? சமையல் போட்டியும் நடனப் போட்டியும் வரா. நம்பத்தக்க செய்தி, தேர்தல் விவாதம், சந்தை சீந்தாத சிறுபான்மை மொழி நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு ஓரளவு இடம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல செய்தி கேட்டு வாக்களித்தால் அதன் பயன் தொலைக்காட்சியே இல்லாதவருக்கும் கிடைக்கிறது. கட்டாயத்துக்கான மிக வலுவான வாதம் இதுவே. ஆனால் இந்த வாதம் பெட்டி உள்ளவர்களிடம் மட்டும் பணம் வாங்கச் சொல்லவில்லை. எல்லாரிடமும் வாங்கச் சொல்கிறது. உரிமக் கட்டணத்தைக் காப்பாற்ற வந்த வாதம் அதன் வடிவத்தையே கேள்விக்குள்ளாக்கிவிடுகிறது.

ஒருகாலத்தில் தொழில்நுட்பமும் கட்டாயத்துக்குத் துணை நின்றது. அலை காற்றில் வந்தால், கட்டாதவரின் ஆன்டெனாவுக்கு மட்டும் அதைத் தடுக்க வழியில்லை. ஒருவர் பார்ப்பதால் இன்னொருவருக்குக் குறைவதும் இல்லை. சங்கேதப் பூட்டு வந்த பிறகு முதல் பாதி பொய்யானது. சந்தா கட்டாதவருக்குத் திரையை மூடுவது இன்று எளிது. பொருளியலாளர் ஆலன் பீக்காக் தலைமையிலான குழு 1986இலேயே, காலப்போக்கில் பார்வையாளர் தேர்வுக்கும் சந்தாவுக்கும் நகரலாம் என்றது. ஆயினும், தடுக்க முடியும் என்பதாலேயே தடுப்பது நல்லது என்று ஆகிவிடாது. நிகழ்ச்சி தயாரான பின் இன்னொரு வீட்டுக்கு அதைக் காட்ட ஏறக்குறையச் செலவே இல்லாதபோது, பணமில்லாதவரை வெளியே நிறுத்துவதால் யாருக்கும் ஆதாயம் இல்லை.

வடிவத்தைப் பொறுத்தவரை குறைகள் வெளிப்படையானவை. லண்டனில் மாளிகை வைத்திருப்பவரும் அரசு உதவித்தொகையில் வாழும் தனித்தாயும் கட்டுவது ஒரே தொகை. பொருளியல் பாடநூல்கள் தேய்வீத வரி என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. பார்வையற்றோருக்குப் பாதிக் கட்டணம். 75 வயதைக் கடந்தவர்களுக்கு 2000 முதல் இருந்த இலவச உரிமம், 2020 ஆகஸ்டிலிருந்து ஓய்வூதிய உதவி பெறும் ஏழைகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு இன்னமும் தனிச் சலுகைக் கட்டணம் இருப்பதைச் சட்டத்தின் நகைச்சுவை உணர்வு என்றுதான் சொல்ல வேண்டும். தண்டனையின் பக்கம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. உரிமமின்றிப் பார்த்ததற்காக வழக்குக்குள்ளாவோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். சோதனையாளர் கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள் என்பது முக்கியக் காரணம். வீட்டுக்கொன்றான கட்டணத்தின் குற்றப்பொறுப்பு, கதவைத் திறந்தவர் தலையில் விழுகிறது.

அப்படியானால் பொது வரியிலிருந்து நேரே கொடுத்துவிடலாமே என்ற யோசனைக்கு எதிராக நிற்பது நியாய உணர்வல்ல, அச்சம். ஆண்டுதோறும் நிதியமைச்சரிடம் கையேந்தும் செய்தி நிறுவனம் அவரைப் பற்றி எப்படிச் செய்தி போடும்? உரிமக் கட்டணத்தின் உண்மையான தற்காப்பு இதுதான். ஆனால் அதுவும் உறுதியான அரணல்ல. கட்டணத்தின் அளவை முடிவுசெய்வது அரசே, 2022 முதல் ஈராண்டு அதை உயர்த்தாமல் நிறுத்தியதும் அரசே. இந்தியாவிலும் 1980களின் நடுப்பகுதி வரை இத்தகைய உரிமம் இருந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் வானொலி உரிமப் புத்தகத்தை அஞ்சலகத்துக்குக் கொண்டுபோய்ப் பணம் கட்டிப் புதுப்பித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தக் கட்டணம் அகில இந்திய வானொலிக்குச் சுதந்திரம் வாங்கித் தரவில்லை. அது அமைச்சகத்தின் ஒரு பிரிவாகவே இயங்கியது. சிங்கப்பூர் 2011இல் உரிமக் கட்டணத்தை ஒழித்துவிட்டு, தமிழ் அலைவரிசையான ‘வசந்தம்’ உள்ளிட்ட பொதுச்சேவை நிகழ்ச்சிகளுக்கு அரசு நிதியைத் தொடர்ந்தது. சிறுபான்மை மொழி பிழைத்தது. ஊடகச் சுதந்திரத்தைப் பொறுத்தவரை, கட்டணம் இருந்த காலத்துக்கும் இல்லாத காலத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

யாருக்காகச் செலவழிப்பது என்ற கேள்வி பிரிட்டனுக்கு வெளியேயும் நீள்கிறது. 1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு, உள்நாட்டுப் போர்க் காலத்தில் இலங்கைத் தமிழர் பலருக்கு முதன்மைச் செய்தி வழியாக இருந்த ‘தமிழோசை’, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் நிதியில் நடந்தது. 2014 ஏப்ரலில், தமிழோசையும் அடங்கிய பிபிசி உலகச் சேவையின் செலவு உரிமக் கட்டணத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் அரசும் ஒரு பகுதியைத் தரத் தொடங்கியது. லீட்ஸில் கட்டணம் செலுத்தும் முதியவர் யாழ்ப்பாணத்துக்கான செய்திக்குப் பணம் தர வேண்டுமா? நேர்மைப் பங்குக் கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை. அவருக்கு வந்து சேரும் பயன் எதுவும் இல்லை. வெளிநாட்டு உதவிக்கு ஒப்பான அறமாகவோ நாட்டின் செல்வாக்குக்கான செலவாகவோ இதை நியாயப்படுத்தலாம். இரண்டுமே பொது வரியின் வேலை. தொலைக்காட்சிப் பெட்டியின் வேலை அல்ல.

ஐரோப்பா வெவ்வேறு விடைகளை முயன்றிருக்கிறது. பிரான்ஸ் 138 யூரோ கட்டணத்தை 2022இல் ஒழித்து மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பங்கை ஒதுக்கியது. பின்லாந்து 2013 முதல் வருமானத்துக்கேற்ற தனி வரியாக வாங்குகிறது. குறைந்த வருமானக்காரருக்கு அது இல்லை, மேல்வரம்பும் உண்டு. சுவீடன் 2019இல் அதே வழிக்கு வந்தது. பொதுப்பயன் என்ற வாதத்துக்கும் ஏழைக்குச் சுமை கூடாது என்ற நெறிக்கும் ஒருசேரப் பொருந்துவது இந்த நார்டிக் ஏற்பாடே. சுவிட்சர்லாந்து மக்களையே கேட்டது. கட்டணத்தை ஒழிக்கும் முன்மொழிவை 2018 மார்ச்சில் 71.6 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். பெரும்பான்மை ஏற்றது என்பதால் மறுத்தவருக்கு நோசிக்கின் கேள்வி தீர்ந்துவிடாது. ஆனால் கட்டாயத்தின் மூலம் அரண்மனை ஆணையாக இல்லாமல் வாக்குச்சீட்டாக இருப்பது வேறுபாடுதான்.

ஜெர்மனியில் 2013 முதல் பெட்டி இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. ஒவ்வொரு குடியிருப்பும் மாதக் கணக்கில் கட்ட வேண்டும். பிரிட்டனில் நேரலையையும் ஐபிளேயரையும் கைவிட்டால் கட்டணத்திலிருந்து வெளியேறலாம். ஜெர்மனியில் அந்த வாசலும் அடைபட்டது. அரசமைப்பு நீதிமன்றம் 2018இல் இதை ஏற்றது. பார்க்கிறாரா என்பது முக்கியமல்ல, பார்க்கும் வாய்ப்பு இருப்பதே போதும் என்றது. இரண்டாவது வீட்டுக்கும் வாங்குவதை மட்டும் தடுத்தது. அடுத்து எழுந்த கேள்வி நிகழ்ச்சிகளின் தரம் பற்றியது. ஒளிபரப்பில் எல்லாக் கருத்துகளுக்கும் இடமில்லை என்று பவேரியாவைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில், கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மொத்த நிகழ்ச்சிகளும் நீண்ட காலத்துக்குப் பன்மையையும் சமநிலையையும் மிக மோசமாகத் தவறவிட்டால், கட்டணம் வாங்குவது அரசமைப்புக்கு ஒவ்வாததாகிவிடும். அதை மெய்ப்பிக்க வேண்டியவர் வழக்காளி. அதற்கான வரம்பும் உயரமானது. அந்த வரம்பை எட்டுகிறதா என்று ஆராயும்படி வழக்கு பவேரிய நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது.