காணாத வலிக்குச் சாட்சி யார்?

கொடைக்கானலில் நான் அரபி ஓதிக்கொடுத்த காலத்தில், பதினாறு வயது மாணவன் ஒருவன் அடிக்கடி தலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்குவான். மேகம் விலகி மலைவெயில் பளீரென அடித்தால் கண் திறக்கமாட்டான், குமட்டும். மறுநாளோ பந்தாடுவான். காய்ச்சலில்லை, காயமில்லை. பாடத்துக்கு அஞ்சி நடிக்கிறான் என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். மதுரையில் எடுத்த தலைப்படத்திலும் குறையொன்றும் தென்படாதபோது, என் தீர்ப்பே சரியென்று மனத்துக்குள் மகிழ்ந்தேன் என்பதையும் மறைப்பானேன்?

அறியாமை! ஒற்றைத் தலைவலி படத்தில் தென்படுவதில்லை. வேறு நோய் இல்லையெனத் தெளியவே படம். இந்நோயை மருத்துவர் அறிவது நோயாளியின் வாய்மொழியால்தான். அரபியில் இதற்கு ‘ஷகீகா’ என்று பெயர். பிளந்த பாதி என்னும் கருத்துடைய வேரில் பிறந்த சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஹ்ராமில் இருந்தபோது இவ்வலிக்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்ட செய்தி புகாரியில் உள்ளது. அதை ஓதிக்கொடுத்த நாவினாலேயே அச்சிறுவனைப் பொய்யன் என்றேன்.

பிறர் வலியை நாம் காண இயலாது. காணாததை நம்பும் கடமை நமக்கு உண்டா? நடிப்பவனும் இருப்பானே என்பீர்கள். இருப்பான். அவனை நம்பினால் ஒரு நாள் பாடம் போகும். உண்மையாளனை மறுத்தால் போவது அதனினும் பெரிது. நோன்பை விடும் சலுகையில், நோயாளி தன் அனுபவத்தால் அறிந்ததையும் நம் சட்ட நூல்கள் ஆதாரமாக ஏற்கின்றனவே!

நம்பாமை மனவருத்தத்தோடு நிற்பதுமில்லை. பழிக்கு அஞ்சியவன் வலியை மறைக்கிறான். கடையில் மாத்திரை வாங்கி ஒளித்து விழுங்குகிறான். சாதாரண வலிநிவாரணியையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து உண்டால், அம்மருந்தே தலைவலியை வளர்க்கும். மூன்று மாதங்களுக்கு மேல், மாதந்தோறும் 15 நாளேனும் தலைவலி இருந்து, அவற்றுள் எட்டு நாளேனும் ஒற்றைத் தலைவலியின் தன்மை கொண்டிருந்தால், அதை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்கின்றனர். ஆக, நம் ஏளனமும் நோயை முற்றவைக்கும் காரணங்களுள் ஒன்றாகலாம்.

வலியைத் தணிக்கும் மருந்து வேறு, வராமல் தடுக்க நாள்தோறும் உண்பது வேறு. புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவை இரண்டாம் வகை. 2018 முதல் இந்நோய்க்கென்றே ஆக்கப்பட்ட ஊசிமருந்துகளும் வந்துள்ளன. எதைத் தருவது என்பது மருத்துவர் பொறுப்பு. நேரந்தவறாத உணவும் உறக்கமும் வீட்டார் பொறுப்பு. ஸஹரைத் தவறவிடுவோரும், வழக்கமான தேநீரை நோன்பில் திடீரென நிறுத்துவோரும் தலைவலியால் வருந்துவதை நாம் ரமளான்தோறும் காண்கிறோம்.

மருத்துவர் முதலில் கேட்டது ஒரு குறிப்பேடு: வலித்த நாள், உண்ட மாத்திரை, உறங்கிய நேரம். எங்கள் மலையில் 1899-இல் நிறுவப்பட்ட ஆய்வகம், நூறாண்டுக்கு மேலாகக் கதிரவனை இடையறாது பதிந்து வருகிறது. எவர்ஷெட் 1909-இல் கதிரவனின் கரும்புள்ளிகளைப் பற்றிய புது உண்மையைக் கண்டதும் அங்கேதான். அதை நினைத்துக்கொண்டே அவனுக்கு நானே கோடிட்டுக் கொடுத்தேன்.

முதல் மாதம் பதினேழு நாட்கள் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஆறு நாட்கள், என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவன் வகுப்பில் அமர்ந்து ஓதிய நாட்கள்.