கீறல் விழுந்த சுவரும் கொடுத்த வாக்கும்

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்தது, 1949இல் மழைக்கணக்கு தொடங்கியதிலிருந்து அந்நாடு கண்டிராத மழை. அல் ஐன் பக்கத்துக் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. துபாய் சாலைகளில் கார்கள் மிதந்தன, விமான ஓடுபாதை குளமானது. தெருவில் நின்ற தண்ணீரை லாரி வைத்து இறைத்துவிடலாம். சுவருக்குள் இறங்கிய ஈரத்தை என்ன செய்வது? வெள்ளை பெயிண்ட் ஒரு கோட்டிங் அடித்தால் கண்ணுக்கு மறையும். வாங்க வருகிறவர் கூட்டிவரும் ஆய்வாளரின் ஈரமானிக்கும் வெப்பப்படக் கருவிக்கும் மறையாது.

துபாயில் இந்தச் சோதனைக்கு ‘ஸ்னாகிங்’ என்று பெயர். புது வீட்டின் சாவியை வாங்குமுன் செய்வது பெரும்பான்மை. கைமாறும் பழைய வீட்டுக்கும் செய்கிறார்கள். சிக்கல் இந்த இரண்டாவதில்தான். ‘படிவம் எஃப்’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, விலையில் பத்து சதவீதத்துக்கான காசோலை புரோக்கர் கைக்குப் போன பிறகு அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கையறைச் சுவரில் ஈரம், பால்கனி ஓரம் கீறல், ஏசி வடிகாலில் அடைப்பு. “எனக்கு வேண்டாம்” என்கிறார் வாங்குபவர். “கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது என்ன பேச்சு?” என்கிறார் விற்பவர். அமெரிக்காவில் ஆய்வுக்கென்று இத்தனை நாள், அதற்குள் விலகினால் முன்பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருப்பது வழக்கம். துபாயில் அப்படி ஒரு வரி வேண்டுமென்றால் கேட்டு எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்க்காதவர்தான் பிறகு தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்.

இதை வக்கீல் விவகாரம் என்று ஒதுக்கிவிட அமீரகத்தில் முடியாது. 1985ஆம் ஆண்டின் சிவில் பரிவர்த்தனைச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே, சட்டத்தில் விடை இல்லாத இடத்தில் நீதிபதி ஷரீஅத்தை நாட வேண்டும், முதலில் மாலிக், அஹ்மத் இப்னு ஹன்பல் ஆகிய இமாம்களின் மத்ஹபுகளில், அதாவது சட்டப் பள்ளிகளில், பொருத்தமானதைத் தேட வேண்டும், பிறகு ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் என்று வரிசை போட்டுக் கொடுத்தது. நிபந்தனையின் பேரில் விலகும் உரிமை, பார்த்த பின் விலகும் உரிமை, குறை கண்டு விலகும் உரிமை என்று ஃபிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்டநூல்கள் பிரித்துவைத்தவையும் அதே சட்டத்தில் பிரிவுகளாகவே ஏறின. 2002இல் வெளிநாட்டவருக்கு வீட்டுச் சந்தை திறந்துவிடப்பட்டு, 2006இன் 7ஆம் எண் சட்டம் அதை உறுதிப்படுத்திய பின், திருநெல்வேலியிலிருந்து போய் ஜுமைரா பக்கம் ஒரு படுக்கையறை வீடு பார்க்கும் சைவப்பிள்ளை கணக்காளரும் மதீனத்துச் சந்தையில் பிறந்த ஒழுங்குகளின் கீழ்தான் பேரம் பேசுகிறார். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

அந்தச் சந்தையில் ஈரம் பற்றிய வழக்கு ஒன்று உண்டு. தானியக் குவியல் ஒன்றைக் கடந்துபோன நபிகள் நாயகம் அதற்குள் கைவிட்டுப் பார்த்தார். விரலில் ஈரம் பட்டது. இதென்ன என்று கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே போட்டிருக்கலாமே என்று கேட்ட நபிகள், ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்ல என்று கடுமையாகச் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பு பதிவுசெய்கிறது. மழையை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஈரத்தையும் சொல்லவில்லை. மேலே உலர்ந்ததைப் பரப்பியதுதான் குற்றம். 2024 ஏப்ரலுக்குப் பிறகு சுவருக்கு வெள்ளையடித்து விற்றவர்களுக்கு இதைவிட நேராக ஒரு ஹதீஸ் அமைய முடியாது.

ஆய்வாளருக்கும் ஒரு முன்னோடி இருக்கிறார், நபித்தோழர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ. இமாம் கஸாலி தம் ‘இஹ்யா’ நூலில் அவர் கதையைச் சொல்கிறார். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். பக்கத்தில் நின்ற வாஸிலா கவனிக்குமுன் வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வாஸிலா பின்னாலேயே ஓடி, கறிக்கு வாங்கினீரா, சவாரிக்கா என்று கேட்டார். சவாரிக்கு என்றதும், அதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது, நெடுந்தூரம் தாங்காது என்றார். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்தார், கூடவே என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று நொந்துகொண்டார். குறை தெரிந்த எவருக்கும், விற்பவராக இல்லாவிட்டாலும், அதைச் சொல்வது கடமை என்று தாம் கேட்டிருப்பதாகப் பதில் சொன்னார் வாஸிலா. இன்று ஸ்னாகிங் ஆள்மீது புரோக்கர்கள் சொல்லும் புகாரும் அந்த ஒட்டகக்காரர் சொன்னதுதான். வாஸிலா கேட்ட கேள்வியை மட்டும் இன்றைய அறிக்கைகள் கேட்பதில்லை. எதற்காக வாங்குகிறாய் என்று தெரியாமல் ஒரு குறை எவ்வளவு பெரியது என்று எப்படிச் சொல்வது? வாடகைக்கு விடுபவருக்கும் ஆஸ்துமா பிள்ளையோடு குடிவருபவருக்கும் ஒரே ஈரம் ஒன்றல்ல.

வீட்டைப் ‘பார்ப்பது’ என்றால் எவ்வளவு பார்க்க வேண்டும் என்பதையும் பழைய அறிஞர்கள் விடவில்லை. நபித்தோழர் உஸ்மான் (ரலி) ஈராக்கில் இருந்த தம் நிலத்தைத் தல்ஹா (ரலி) அவர்களுக்கு விற்றார். இருவருமே அதைப் பார்த்ததில்லை. நஷ்டப்பட்டுவிட்டீர் என்று ஊர் இரு பக்கமும் ஓதியது. இருவரும் தமக்கு விலகும் உரிமை உண்டென்று சொல்ல, ஜுபைர் இப்னு முத்இம் நடுவராக இருந்து, உரிமை பார்க்காமல் வாங்கியவருக்கே, பார்க்காமல் விற்றவருக்கு இல்லை என்று தீர்த்தார். ஹனஃபி மத்ஹபின் ‘பார்வை உரிமை’ இந்தத் தீர்ப்பைப் பிடித்து நிற்கிறது. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தோ பார்க்காத பொருளின் விற்பனையே செல்லாது என்பது.

ஃபெர்கானா பள்ளத்தாக்கைச் சேர்ந்த மர்கீனானி 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஹிதாயா’ என்ற சட்டநூல் இந்திய ஹனஃபி மதரஸாக்களில் இன்றும் பாடநூல். முற்றத்தைப் பார்த்தாலே வீட்டைப் பார்த்த மாதிரி, அறைக்குள் நுழையத் தேவையில்லை என்ற பழைய தீர்ப்பை எடுத்துவைத்து, அறைகளுக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்று இமாம் ஸுஃபர் மறுத்ததையும் அது சொல்கிறது. பிறகு மர்கீனானி தம் முடிவைத் தருகிறார். அந்தக் காலத்து வீடுகள் உள்ளே ஒன்றுபோல இருந்தன, இப்போது அப்படியில்லை, ஆகவே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மார்க்கச் சட்டம் அசையாது என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய பத்தி அது. கண் தெரியாதவர் வீடு வாங்கினால் அதை அவருக்கு வர்ணித்துச் சொல்ல வேண்டும், அதுவரை அவருடைய உரிமை நிற்கும் என்றும் அதே அத்தியாயத்தில் வருகிறது. கராமாவிலோ ஷார்ஜாவிலோ உட்கார்ந்து, ஹோட்டல் ஹாலில் நடக்கும் கண்காட்சியில் சென்னை ஓ.எம்.ஆர். ஃபிளாட்டை வண்ணக் கையேட்டைப் பார்த்து வாங்கும் தமிழரின் நிலை ஏறக்குறைய அதுதான். அவருக்கு வர்ணித்துச் சொல்வது விற்கிற கம்பெனியே.

இனி கீறலுக்கு வரலாம். எந்தக் குறை வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் பெரியது? அமீரகத்தின் 1985 சட்டம் முதல் வரிசையில் வைத்த மாலிகி மத்ஹபு வீட்டுக்கென்றே இதில் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு எகிப்தின் கலீல் இப்னு இஸ்ஹாக் தம் சுருக்கநூலில் எடுத்துக்கொண்ட உதாரணமே சுவர்க் கீறல். வீடு விழும் என்ற பயம் தராத கீறலாக இருந்தால் வீட்டைத் திருப்ப முடியாது, குறைக்குத் தக்க தொகையை மட்டும் கேட்கலாம். வீட்டின் முகப்பையே கெடுத்தாலோ, இருந்தாக வேண்டிய ஒரு பயனை இல்லாமல் செய்தாலோ திருப்பலாம். இந்தக் கடைசி வகைக்கு அவர் காட்டும் உதாரணம், நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊரில் உப்புக்கரித்த கிணறு. போர் தண்ணீர் உப்பாகிப்போன சென்னைக் கடலோரப் பகுதிகளில் வீடு பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

ஹனஃபிகள் இங்கே வேறு மாதிரி. குறை தெரிந்தபின் ஒன்று முழு விலைக்கு வைத்துக்கொள், இல்லை திருப்பிக் கொடு. வைத்துக்கொண்டு விலையைக் குறை என்று உரிமையாகக் கேட்க முடியாது, விற்பவர் மனமுவந்தால் சரி. ஹன்பலிகள் தள்ளுபடியோடு வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறார்கள். சோதனைக்குப் பின் விலையைத் திரும்பப் பேசுவது இன்று சர்வசாதாரணம். அதில் சட்டப்படி தப்பில்லை என்பதற்கு ஒரு மத்ஹபு, அது உரிமையல்ல சலுகை என்பதற்கு ஒரு மத்ஹபு. வீட்டைப் பொறுத்தவரை கலீலின் படிநிலைதான் மூன்றிலும் நியாயமாகப் படுகிறது. ஒட்டகம் இன்னொன்று கிடைக்கும். வீடு விற்றவர் அதை நம்பி வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பார், பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார். ஏசி வடிகால் அடைப்புக்காக அந்தச் சங்கிலி முழுவதையும் அறுப்பது அளவுக்கு மீறியது.

ஆனால் பலர் விலகுவது அடைப்புக்காக அல்ல. பக்கத்துக் கட்டடத்தில் மலிவாக ஒன்று கிடைத்திருக்கும், வேலை ஆட்டம் கண்டிருக்கும், ஊரிலிருந்து மாமனார் வேண்டாம் என்றிருப்பார். அப்போது ஆய்வறிக்கை வசதியான சாக்காக வந்து நிற்கிறது. 2008 இறுதியிலிருந்து துபாயில் விலைகள் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தபோது, அதுவரை யாரும் கண்டுகொள்ளாத குறைகள் திடீரென்று பெரிதாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. நபித்தோழர் ஹகீம் இப்னு ஹிஸாம் அறிவிக்கும் நபிமொழி ஒன்றை விற்பவருக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்வது வழக்கம். பிரியும்வரை இருவருக்கும் விலகும் உரிமை உண்டு. இருவரும் உண்மை பேசி உள்ளதைத் தெளிவாக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் இறங்கும், மறைத்துப் பொய் சொன்னால் அது அழிந்துபோகும் என்பது அதன் சாரம். இருவரும் என்பதில் வாங்குபவரும் அடக்கம். பூசின ஈரத்தை மறைக்கும் விற்பவருக்கும், மாறின மனத்தை ஈரத்தின் பின்னால் மறைக்கும் வாங்குபவருக்கும் அந்தக் கணக்கில் வேறுபாடில்லை. நீதிமன்றம் நிய்யத்தை, மனத்தின் நோக்கத்தை, திறந்து பார்க்க முடியாது. மார்க்கம் பேச வேண்டிய இடம் அது.

‘பிரியும்வரை’ என்பதைக்கூட எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. ஷாஃபியும் இப்னு ஹன்பலும் உடலால் பிரிவது என்றார்கள். மாலிக்கும் அபூ ஹனீஃபாவும் பேச்சு முடிந்ததும் ஒப்பந்தம் இறுகிவிட்டது என்றார்கள். காயல்பட்டினம், கீழக்கரை என்று கடலோரம் முழுக்க ஷாஃபி, உள்ளே வந்தால் ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி என்று தமிழ் முஸ்லிம்கள் பிரிந்திருப்பதால், ஒரே மேசையில் கையெழுத்திட்ட இரண்டு தமிழருக்கு எழுந்து போகும்வரையிலான அந்தச் சில நிமிடங்களில் இரண்டு சட்டம். இப்னு உமர் (ரலி) தமக்குப் பிடித்த பொருளை வாங்கியதும் வியாபாரியை விட்டு நாலடி நடந்து வருவாராம், இனி அவர் மனம் மாற முடியாதபடி. மற்றவர் விலகிவிடுவாரோ என்று பயந்து இடத்தைவிட்டு நகர்வது கூடாது என்று இன்னொரு ஹதீஸ் இருக்கிறது. அது அவருக்கு எட்டியிருக்காது என்று அறிஞர்கள் சமாதானம் சொல்கிறார்கள்.

மிஞ்சுவது அந்தப் பத்து சதவீதம். குறை ஏதும் இல்லாமல், மனம் மாறி விலகுகிறவரின் முன்பணத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாமா? ஹனஃபி, மாலிகி, ஷாஃபி மூன்றும் கூடாது என்கின்றன. எதையும் கொடுக்காமல் வாங்கும் பணம் அது. அஹ்மத் இப்னு ஹன்பல் மட்டும் கூடும் என்றார், அவருக்கு ஆதாரமாக அமைந்ததும் ஒரு வீடு. கலீஃபா உமர் (ரலி) காலத்தில் மக்கா ஆளுநர் நாஃபிஃ, ஸஃப்வான் இப்னு உமய்யாவின் வீட்டைச் சிறைச்சாலைக்காகப் பேசினார். உமர் சம்மதித்தால் வீடு அவருக்கு, சம்மதிக்காவிட்டால் ஸஃப்வானுக்கு 400. தீனாரா திர்ஹமா என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. 1993 ஜூனில் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, விலகுவதற்கு ஒரு காலக்கெடு குறித்திருந்தால் இத்தகைய முன்பணம் செல்லும் என்று முடிவெடுத்தது. அமீரகத்தின் 1985 சட்டம் 148ஆம் பிரிவில், வேறு ஒப்பந்தமோ வழக்கமோ இல்லாதபோது முன்பணம் ஒப்பந்தம் முடிந்ததற்கு அடையாளம் என்றது. விலகலுக்கான ஈடு என்று பேசிக்கொண்டால், கொடுத்தவர் விலகினால் இழப்பார், வாங்கியவர் விலகினால் இரட்டிப்பாகத் திருப்புவார் என்றும் அது சொன்னது.

ஆக துபாயில் வீடு விற்கும் கீழக்கரைக்காரர் ஒருவர், மனம் மாறி விலகியவரின் காசோலையை வங்கியில் போட்டால் ஒப்பந்தம் அவருக்குத் துணைநிற்கும், அவர் சிறுவயதில் ஓதிய கிதாபு நிற்காது. அவருக்கு முன்னால் இன்னொரு வழியும் உண்டு. வாங்கியதை எண்ணி வருந்துபவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பவரின் சறுக்கலை மறுமையில் இறைவன் பொறுத்துக்கொள்வான் என்ற பொருளில் அபூ தாவூதிலும் இப்னு மாஜாவிலும் ஹதீஸ் இருக்கிறது. அதற்குக் குறை இருக்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது விற்பவர் மனமுவந்து கொடுப்பது. வாங்குபவர் கேட்டு வாங்கும் உரிமை அல்ல. சாக்குச் சொல்லாமல், மனம் மாறிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்கிறவரிடம்தான் அதைக் கொடுக்க விற்பவருக்கு மனம் வரும். படிவம் எஃப்பை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ரத்து செய்ய வழி இருக்கிறது, இரண்டு கையெழுத்து போதும்.