வீட்டில் செய்யும் சானிடைசரும் நம் பொறுப்பும்



தூய்மையைப் பேணுவோரை அல்லாஹுதஆலா நேசிப்பதாகத் தன் திருமறையில் அறிவித்துள்ளான். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடலாகாது என்றும், இரவில் அந்தக் கை எங்கே பட்டது என்பதை அவர் அறியமாட்டார் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காரணத்தோடு கற்பித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அசுத்தத்தையும் கவனத்தில் கொள்ளும் மார்க்கம் நம்முடையது. ஆகவே கைச்சுத்தம் நமக்குப் புதிய பாடமன்று.

2020-ம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது கடைகளில் சானிடைசர் கிடைப்பது அரிதாயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மத்திய அரசு அதனை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, 200 மில்லி புட்டிக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை கட்ட வேண்டியதாயிற்று. அந்நாளில் பல வீடுகளில் தாங்களே அதைச் செய்யத் தலைப்பட்டனர். அது குறித்த மஸ்அலாக்கள் இன்றும் நம்மிடம் கேட்கப்படுகின்றன.

முதலாவது கேள்வி: ஆல்கஹால் கலந்த இத்திரவம் நஜீஸா? திராட்சை, பேரீச்சை ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படாத ஆல்கஹாலை வெளி உபயோகத்திற்குப் பயன்படுத்துவதற்கு, இமாம் அபூஹனீபா (ரஹ்), இமாம் அபூயூசுப் (ரஹ்) ஆகியோரின் கருத்தை ஆதாரமாகக் கொண்டு ஹனபி உலமாக்கள் அனுமதியளித்துள்ளனர். நம் நாட்டில் ஆல்கஹால் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தும் தானியங்களிலிருந்துமே எடுக்கப்படுகிறது. போதை தரும் திரவங்கள் நஜீஸ் என்பது ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் உள்ள சட்டம். எனினும் நோய்த் தடுப்பின் தேவையை முன்னிட்டு இக்கால உலமாக்கள் பலர் இதில் சலுகை தந்துள்ளனர். மனம் ஒப்பாதவர் தொழுகைக்கு முன் கையை நீரால் கழுவிக்கொள்ளட்டும். பேணுதலுக்கு அதுவே போதும். இதைத் தடவியதால் ஒளு முறியாது. அதுபோல இதைத் தடவுவது ஒளுவாகவும் தயம்முமாகவும் ஆகாது.

இரண்டாவது கேள்வியே நாம் இங்கு விரித்துரைக்க விரும்புவது. இதை வீட்டில் நாமே செய்யலாமா?

உலகச் சுகாதார ஸ்தாபனம் ஓர் அளவைத் தந்துள்ளது. ஒரு லிட்டருக்கு 96 சதவீத எத்தில் ஆல்கஹால் 833 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 42 மில்லி, கிளிசரின் 14.5 மில்லி, மீதிக்குக் கொதித்து ஆறிய நீர். கலந்த பின் 72 மணி நேரம் மூடிவைக்க வேண்டும். புட்டியில் கிருமி வித்துக்கள் இருப்பின் அவை மடிவதற்கே இந்த அவகாசம். இந்த அளவு மருந்து தயாரிப்பில் பயிற்சி பெற்றவர்களுக்காக எழுதப்பட்டது. சமையலறைக் கரண்டியை நம்பி எழுதப்பட்டதன்று.

வீடுகளில் நடப்பது என்ன? 70 சதவீத ஸ்பிரிட் ஒரு பங்கு, கற்றாழைச் சோறு ஒரு பங்கு என்று சேர்த்து அடித்து வைக்கிறார்கள். கணக்குப் பாருங்கள்! ஆல்கஹால் 35 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. 60 சதவீதத்திற்குக் குறைந்தால் கிருமியைக் கொல்லும் என்று நம்புவதற்கில்லை. வாசனை இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, பலன் மட்டும் இல்லை. கை சுத்தம் என்று எண்ணிக்கொண்டு அதே கையால் நோயுற்ற தாய்க்குக் கஞ்சி ஊட்டினால், சுத்தத்தின் பெயரால் நாமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தவராக மாட்டோமா?

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. மெத்தில் ஆல்கஹால் என்பது கொடிய விஷம். பார்வைக்கு எத்தில் ஆல்கஹாலைப் போலவே இருக்கும். மணத்தாலும் வேறுபாடு அறிய இயலாது. தோல் வழியாகவும் உடலில் ஏறும். கண் பார்வையைப் பறிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது இதுவே. என்னவென்று தெரியாத ஸ்பிரிட்டை விலை மலிவென்று வாங்கி வந்து குழந்தையின் கையில் தடவுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று கூறுவதால் பொறுப்பு நீங்கிவிடாது. அறியாமல் கலந்ததை அண்டை வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பவருக்கும், புட்டியில் அடைத்து விற்பவருக்கும் இது பொருந்தும். விற்பதற்காகத் தயாரிப்பவருக்கு அரசின் உரிமமும் வேண்டும்.

கடையில் வாங்கிய நல்ல சானிடைசரும் அமானிதமே. எண்பது சதவீத ஆல்கஹாலின் ஆவி 20 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடியது. நம் ஊர் அடுக்களையோ என்றும் அதனினும் சூடானது. ஆதலால் கை உலர்ந்த பின்னரே அடுப்பை மூட்டுங்கள். தண்ணீர் போத்தலிலோ சர்பத் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். 2020 ஜூலை இறுதியில் ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுவில், மதுக்கடை மூடியிருந்த நாட்களில் சானிடைசரைக் குடித்த 10க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடிப்பழக்கமுள்ளவர் வீட்டில் இருந்தால் அதனைப் பூட்டி வைப்பதும் கடமையாகும்.

அப்படியானால் ஏழை வீட்டிற்கு வழி என்ன? வழி மிக எளிது. சாதாரணச் சோப்பும் தண்ணீரும்! கொரோனாக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைச் சிதைத்துவிடுகிறது. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என 20 விநாடிகள் தேய்த்துக் கழுவினால் போதும். அழுக்கும் எண்ணெயும் படிந்த கையில் சானிடைசர் சரிவர வேலை செய்யாது; சோப்போ அதையும் நீக்கும். ஒளுவில் விரல்களைக் கோதிக் கழுவப் பழகிய நமக்கு இது கடினமா? தண்ணீர் கிட்டாத பயணத்திலும் மருத்துவமனையிலும் உதவவே சானிடைசர்.

கையைத் தூய்மையாக்குவது போலவே, அக்கையால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் ஈமானுடையோரின் கடமை. அகத்தூய்மையும் புறத்தூய்மையும் பெற்றவர்களாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.