தன் உழைப்புக்குத் தானே சாட்சியாக முடியுமா?

கனடாவின் திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில் குடியேற, கடந்த 10 ஆண்டுகளுக்குள் தொடர்ச்சியாக ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், திறன்சார்ந்த வேலை செய்திருக்க வேண்டும். சம்பளக்காரருக்கு முதலாளியின் கடிதம் உண்டு. சுயதொழில் செய்பவரிடம் தொழில் உரிமைக்கும் வருமானத்துக்கும் ஆதாரமும், பணம் பெற்ற விவரத்துடன் வாடிக்கையாளர் தரும் சான்றும் கேட்கிறார்கள். அவரே எழுதித் தரும் உறுதிமொழி செல்லாது. இது உழைப்பவரை அவமதிப்பதாகச் சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பயன் பெறப்போகிறவரின் சொல், அது உண்மையாகவே இருந்தாலும், கேட்பவருக்கு அறிவாகிவிடாது. அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, ஆராயும் நம் நூல்கள் பிறர் உரையை ஓர் அளவையாக ஏற்பதும் நம்பத்தக்கவரின் உரை என்ற நிபந்தனையோடுதான்.

ஆனால் விதி இடறும் இடம் ஒன்று உண்டு. மணிமேகலைக் காப்பியம் எண்ணும் அளவைகளில் அபாவமும் ஒன்று: இல்லாததை இல்லையென அறிவது. இதற்கு மீமாம்சகர் என்ற தத்துவ மரபினர் ஓர் எல்லை வகுத்தார்கள். இருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில்தான், தெரியாமை இன்மையைக் காட்டும். ரொக்கத்தில் கூலி வாங்கும் தச்சரிடம் ரசீது இல்லாததால் வேலையே நடக்கவில்லை என்று முடிவுகட்டுவது இந்த எல்லையை மீறுவது. விதியைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்பது நியாயமான அச்சமே. நான் கேட்பது தளர்வு அல்ல. மரம் வாங்கிய கணக்கு, வங்கி வரவு, வீடு கட்டியவரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து அனுமானிக்கும் பொறுமை. அதுவரை, சுயதொழில் செய்பவர்களே, ஒவ்வொரு வேலை முடிந்ததும் தேதியும் தொகையும் குறித்த கடிதம் வாங்கி வையுங்கள்.