ஒருத்திக்கு எதற்குச் சமையல்?

"ஒருத்திக்கு எதுக்குத் தனியா அடுப்பு மூட்டணும்?" தனியாக வாழும் பெண்களைச் சுற்றி இந்த வாக்கியம் எப்போதும் இருக்கிறது. அம்மா சொல்வாள், பக்கத்து வீட்டு அக்கா சொல்வாள். பெரும்பாலும் அந்தப் பெண்ணே சொல்லிக்கொள்வாள். நாலு பேர் இருந்த வீட்டில் குழம்பும் பொரியலும் ரசமும் வைத்த அதே கை, தனியாக இருக்கும்போது மோர்சோறும் ஊறுகாயும் போதும் என்கிறது. மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் டீயும் ராத்திரிச் சாப்பாடாகிவிடுகிறது.

இதைச் சோம்பல் என்றோ சிக்கனம் என்றோ சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இதற்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பெண், தனக்காக மட்டும், அக்கறையோடு சமைத்துச் சாப்பிடுவது எந்தக் கணக்கில் சேரும்? கடமையா, சுயநலமா, ஆடம்பரமா? அடுத்தவர் பசிக்கு நம் ஒழுக்க நூல்களில் நிறைய இடம் இருக்கிறது. அவளுடைய பசிக்கு எங்கே இடம்?

முதலில் "எதற்கு" என்று கேட்பவர்களின் பக்க நியாயத்தைப் பார்த்துவிடுவோம். நான் வாழும் கொடைக்கானலில் அது வெறும் சாக்கு இல்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. சுமார் 300 மீட்டர் ஏறும்போது தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை 1 டிகிரி குறைகிறது. ஆகவே இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் வேகாது. கீழே மதுரையில் திறந்த பாத்திரத்தில் மலர்ந்துவிடும் துவரம்பருப்பு, இங்கே நெடுநேரம் நெற்று நெற்றாகக் கிடக்கும். குக்கர் இல்லாமல் கொண்டைக்கடலையை நினைத்துப் பார்க்க முடியாது. மார்கழி, தை மாதங்களில் இட்லி மாவு ஓர் இரவில் பொங்காது; அடுப்போரம் வைத்து, கம்பளியைச் சுற்றி, அடுத்த நாளும் காத்திருக்க வேண்டும். தட்டில் போட்ட சோறு பாதி சாப்பிடுவதற்குள் ஆறிவிடும்.

கால் டம்ளர் பருப்பு வேக ஆகும் கேஸும், நாலு பேருக்கான பருப்பு வேக ஆகும் கேஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குக்கரைக் கழுவும் ஐஸ் தண்ணீரும் ஒன்றுதான். சமையல் வேலையில் பெரும்பகுதி, சாப்பிடும் ஆட்களின் எண்ணிக்கை குறைவதால் குறைவதில்லை. எனவே ஒருவருக்குச் சமைப்பது பணத்திலும் உழைப்பிலும் உண்மையிலேயே கூடுதல் செலவு. சரி. ஆனால் அந்தக் கூடுதலைச் செலவழிக்கத் தகுதியானவள் தானில்லை என்று ஒரு பெண்ணுக்கு ஏன் தோன்றுகிறது? கேஸ் சிலிண்டர் இதற்குப் பதில் சொல்லாது.

இந்த மலையில் இப்படித் தோன்றுகிறவர்கள் ஒரே வகையினர் இல்லை. 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவிகள் இருக்கிறார்கள். கீழிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியைகள், செவிலியர்கள் இருக்கிறார்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கங்களில், பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, தனியாக மிஞ்சிய வயதான பெண்கள் இருக்கிறார்கள். இந்த மலையின் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டு வயலில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்துவிட்டு வீட்டுக்கு வருகிற பெண், நாலு பல் பூண்டு தட்டிப்போட்டுத் தனக்கொரு ரசம் வைக்க யோசிக்கிறாள்.

நம்முடைய மரபு தனித்து உண்பதைக் கடுமையாகவே பேசியிருக்கிறது. சேர்த்த பொருள் குறைந்துவிடக் கூடாதென்று தான் மட்டும் தனியே இருந்து உண்பது, பிச்சை எடுப்பதைவிடக் கொடியது என்கிறார் வள்ளுவர், ஈகை அதிகாரத்தில். அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்கிறது புறநானூற்றின் 182-ஆம் பாடல். இவை உயர்ந்த கருத்துகள். ஆனால் யாரை நோக்கிச் சொன்னவை? கையில் களஞ்சியம் வைத்திருப்பவனை நோக்கி. கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரம் உள்ளவனை நோக்கி. அவனுக்கு அது நல்ல கடிவாளம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துச் சாப்பிட்டவளுக்கு அதே கடிவாளத்தை மாட்டினால் என்ன ஆகும்? பேராசைக்காரனைத் திருத்த வந்த அறம், பட்டினி கிடப்பவளுக்கு இன்னும் கொஞ்சம் பட்டினி கிட என்று சொல்வதாகிவிடுகிறது.

துணையற்ற பெண் என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் அதே புறநானூறு பதிவு செய்திருக்கிறது. 246-ஆம் பாடலில் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, தீப்பாயப் போகும் தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் கைம்பெண்ணின் உணவைப் பட்டியலிடுகிறாள்: நெய் இல்லாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. அப்படி உண்டு, பாயில்லாமல் பரற்கற்கள் மேல் படுத்து வாழ்வதைவிடத் தீ மேல் என்கிறாள். 248-ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் பெண், இளமையில் தழையாடையாக உடுத்திய ஆம்பல், கணவன் இறந்தபின் புல்லரிசியாகித் தனக்கு உணவாகிவிட்டதைச் சொல்கிறாள். சுவையைப் பறிப்பது அன்று ஒரு விதியாக இருந்தது. இன்று அந்த விதியை யாரும் சொல்வதில்லை. ஆனால் "எனக்கென்ன, எதையாவது தின்னுட்டுப் படுத்துக்குவேன்" என்று ஒரு பெண் பெருமையோடு சொல்லும்போது, அந்தப் பழைய சட்டத்தின் மிச்சம் அதில் கேட்கிறது.

மொழியும் காவல் நிற்கிறது. ருசியாகச் சாப்பிட விரும்பும் ஆண் "போஜனப் பிரியர்". அதே விருப்பம் உள்ள பெண்ணுக்கு "நாக்கு நீளம்". பழனி மலையின் தலபுராணமே ஒரு பழத்துக்காக வீட்டைவிட்டு வந்தவனின் கதைதான். பங்கு கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு குன்றேறித் தனியாக நின்ற முருகனை நாம் கும்பிடுகிறோம், பஞ்சாமிர்தம் படைக்கிறோம். கொடைக்கானல் குறிஞ்சியாண்டவர் கோயிலிலிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும். ஒரு பழத்தில் தனக்குப் பங்கு தரவில்லை என்று ஒரு பெண் வீட்டைவிட்டு இந்த மலையேறி வந்திருந்தால், அவளைப் பற்றி நாம் என்ன கதை சொல்லியிருப்போம்?

இந்த ஊருக்கு 2017-இல் ஒரு பெண் வாழ வந்தார். இரோம் ஷர்மிளா. 2000 நவம்பர் 2 அன்று மணிப்பூரின் மாலோமில் 10 பேர் அசாம் ரைஃபிள்ஸ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, ஆயுதப்படைகளின் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி உண்ணாவிரதம் தொடங்கியவர். ஏறத்தாழ 16 ஆண்டுகள் மூக்கில் செருகிய குழாய்வழியே அரசு அவருக்கு உணவு செலுத்தியது. அந்த ஆண்டுகளில் உலகம் அவரை "இரும்புப் பெண்மணி" என்று கொண்டாடியது. 2016 ஆகஸ்ட் 9 அன்று உள்ளங்கையில் சிறிது தேன் விட்டு நக்கி, உண்ணாவிரதத்தை முடித்தார். அன்றிரவு தங்குவதற்கு அவருக்கு இம்பாலில் இடம் கிடைக்கவில்லை. எதிர்ப்பினால் மருத்துவமனைக்கே திரும்ப வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை 90 வாக்குகள். பிறகு கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டார். அதற்கும் ஆட்சேபனை மனு வந்தது.

அவருடைய அரசியல் முடிவைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. ஒரு பெண்ணின் பசியை மதிக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. அவள் தன் விருப்பத்தில் ஒரு துளி தேன் சாப்பிடுவதைப் பொறுத்துக்கொள்ளத் தெரியவில்லை. பெருங்கோப்பெண்டு முதல் இரோம் வரை, உண்ணாத பெண் பாடலாகிறாள், சுவரொட்டியாகிறாள். உண்ணும் பெண் சாதாரணமாகிவிடுகிறாள். தனி அறையில் தனக்குச் சோறு வடிக்கும் பெண் இந்தச் சாதாரணத்தைத்தான் ஒவ்வொரு நாளும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, பார்ப்பதற்கு யாரும் இல்லாத இடத்தில்.

இதற்கு நண்பர்கள் சொல்லும் வழக்கமான பதில் ஒன்று உண்டு: "நீ நல்லா சாப்பிட்டாத்தானே மத்தவங்களைப் பார்த்துக்க முடியும்?" அன்போடு சொல்லப்படுவதுதான். ஆனால் கொஞ்சம் உரசிப் பார்த்தால், இது அவளுடைய சோற்றை மறுபடியும் மற்றவர்களுக்கான எரிபொருளாக மாற்றுகிறது. பார்த்துக்கொள்ள யாருமே இல்லாதவள் என்ன செய்வாள்? பிள்ளைகளும் தூரத்தில், வேலையும் ஓய்ந்துவிட்ட எழுபது வயதுப் பெண்ணுக்கு இந்த வாதத்தில் ஒரு கவளம்கூட மிஞ்சாது.

வேறு வழியில் யோசிப்போம். பசித்தவருக்குச் சோறு போட வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? பசி துன்பம் என்பதால். பசித்தவர் நம் உறவா, நல்லவரா, பயனுள்ளவரா என்று மணிமேகலை கேட்கவில்லை. அமுதசுரபியோடு போய் நின்றாள். பசி என்ற ஒன்றே போதுமான காரணமாக இருந்தது. அப்படியானால் அந்தப் பசி என் வயிற்றில் இருக்கும்போது மட்டும் காரணமாக இல்லாமல் போவது எப்படி? என் பசி மற்றவர் பசியைவிடப் பெரிதென்று நான் சொல்லவில்லை. சிறிதும் இல்லை. எல்லோரையும் சமமாக எண்ணும் அறம், எண்ணுகிறவளை மட்டும் விட்டுவிட்டு எண்ணினால் அதன் கூட்டல் தப்பு. மணிமேகலை ஊருக்கெல்லாம் சோறிட்டதை நாம் பாடம் படித்திருக்கிறோம். அவள் என்ன சாப்பிட்டாள் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

தத்துவம் சிந்திக்கும் அறிஞனுக்குத் தனியாக உண்பது உடலுக்குக் கேடு என்று எழுதினார் இம்மானுவேல் காண்ட். மேசையில் மூன்று பேருக்குக் குறையாமலும் ஒன்பது பேருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர்தான். ஆனால் வீட்டில் வேலையாளும் சமையலாளும் இருந்தார்கள். தனியாக வாழும் ஆணுக்கு உணவைப் பற்றிய கேள்வி 'யாரோடு சாப்பிடுவது' என்பதாக இருக்கிறது. தனியாக வாழும் பெண்ணுக்கு அது 'யாருக்காகச் சமைப்பது' என்பதாகிறது.

இங்கே ஒரு மாணவி கையைத் தூக்கலாம். "சமையலறையிலிருந்து தப்பிக்கத்தானே தனியாக வந்தோம், இங்கேயும் கரண்டியைப் பிடிக்கச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. 2019-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடங்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' படித்தவர்கள், அடுப்படியில் கிடைக்கும் அதிகாரம் எத்தனை சிறியது என்பதை மறக்க மாட்டார்கள். ஆகவே, சமைத்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெஸ்ஸில் சூடாக நாலு இட்லி வாங்கிச் சாப்பிடுவதும், தோழிகள் மூன்று பேர் முறைவைத்துச் சமைப்பதும் தன் பசியை மதிப்பதுதான். காலை ஆறு மணிக்குக் காரட் வயலுக்குப் போய் மாலையில் திரும்புகிற பெண்ணிடம் "உனக்காக ருசியாகச் சமைத்துக்கொள்" என்று உபதேசிப்பது கொடுமை. அவளுக்கு வேண்டியது கூலி, ஓய்வு, ரேஷன் கடையில் தட்டாமல் கிடைக்கும் அரிசி.

ஆகவே இது ஒருத்தியின் மனத்திண்மையோடு முடிகிற விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் ரேஷன் அட்டைக்குப் பெயரே குடும்ப அட்டை. தனியாகக் குடியிருந்து தனியாகச் சமைப்பவர்களுக்கே அது கிடைக்கும். அதாவது, எத்தனை பேர் என்பதைவிடத் தனி அடுப்பு எரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் தனித்து வாழும் பெண்ணும் குடும்பத் தலைவியாகக் கருதப்பட்டாள். அரசின் விண்ணப்பப் படிவம் ஒப்புக்கொண்டதை, அவளுடைய உறவினர்களும் வீட்டு உரிமையாளர்களும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "தனியாவா இருக்கீங்க?" என்ற கேள்வி, இன்னும் குடும்பம் ஆகாத ஒருத்தியிடம் கேட்பதுபோலத்தான் வருகிறது.

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது, மையங்களில் சமைக்கும் வேலையில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. நாற்பது ஆண்டுகளாக இந்த மலைக்கிராமங்களிலும் அப்படிப்பட்ட பெண்கள் பெரிய அலுமினிய அண்டாக்களில் சோறும் சாம்பாரும் கிளறியிருக்கிறார்கள். பிள்ளைகளின் எடை, உயரம், தலைக்கு எத்தனை கிராம் அரிசி, வாரத்துக்கு எத்தனை முட்டை என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு இருக்கிறது. மாலையில் அந்தப் பெண் தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கிறாள். குளிர் இறங்கியிருக்கிறது. அவளுக்கு எத்தனை கிராம் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதை அவள்தான் எழுத வேண்டும். எழுதும்போது, கூடையில் பட்டர் பீன்ஸ் இருந்தால், அதையும் ஒரு கைப்பிடி சேர்த்துக்கொள்ளட்டும்.