தவறாக இடித்துரைக்கும் துணை

பெரியாரைத் துணைக்கோடலில், இடித்துரைக்கும் துணையின் அருமையை வள்ளுவர் வற்புறுத்தினார். ஆயின் இடித்துரைப்பவரே பிழைபடுவாராயின் கேட்பவர் என் செய்வது? கணினி நிரல் எழுதுவோர்க்கு இவ்வினா நாள்தோறும் எதிர்ப்படுகிறது.

மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர் என்னும் தொகுப்பி. மாற்றும்போதே ஐயத்திற்குரிய இடங்களைச் சுட்டி அஃது எச்சரிக்கையும் விடுக்கும், வேலை நிற்பதில்லை. இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட பெருநிரல்களில் இவ்வெச்சரிக்கைகள் குவிந்துவிடுகின்றன. அவற்றுள் பொய்யானவையும் உண்டு. நிரலின் ஓட்டம் முழுவதையும் அறியாத கருவி, வடிவத்தைக் கண்டு ஐயுறுகிறது.

பேராக் மாநிலத் தோட்டப்புறங்களில் பால்வெட்டியவர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். கத்தி ஆழ இறங்கினால் மரத்தில் காயம் படும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மறுபடி வெட்டுவதற்கு உதவாமற் போகும். ஆதலின் கங்காணியின் கண்டிப்பு வேண்டுவதே. ஆனால் சிறு கீறலையும் காயமென்று கூவும் கங்காணியின் கீழ் வேலை செய்பவர், நாளடைவில் ஒன்று காதைப் பொத்திக்கொள்வார். அன்றேல் அச்சத்தால் மேலோடு வெட்டுவார். முன்னதில் மரம் கெடும், பின்னதில் பால் குறையும்.

காதைப் பொத்துவதன் கேட்டை யாவரும் அறிவர். கருவியின் வாயை அடைப்பதற்காகச் சரியானதையே திருத்துவதன் கேடு அத்துணை வெளிப்படையன்று.

2006ஆம் ஆண்டு, டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் இடம்பெற்ற ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மறையாக்க நிரலின்மீது வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி குறை கூறியது. இது கம்பைலர் அன்று. ஆயினும் அதே பணியில் உடன்நிற்பது. மதிப்பு இடப்படாத நினைவகப் பகுதி படிக்கப்படுகிறது என்பது அதன் முறையீடு. சொன்னது உண்மையே, ஆனால் அவ்விடத்தில் அதனால் தீங்கில்லை. பராமரிப்பாளர் ஒருவர், நிரலை ஆக்கியோர் தரப்பில் வினவி, இசைவான மறுமொழியும் பெற்று, ஒரே தோற்றமுடைய இரண்டு வரிகளை நீக்கினார். ஒன்று போனதால் இழப்பில்லை. மற்றொன்றோ, இரகசியத் திறவுகோல்களைப் பிறர் ஊகிக்கவியலாதபடி தற்செயல் மதிப்புகளைக் கலக்கும் உயிர்வரி. அது போனபின், ஒரே வகைக் கணினியில் ஒரே அளவுத் திறவுகோலுக்கு ஏறத்தாழ 32,768 வாய்ப்புகளே எஞ்சின. கணினியைக் கொண்டு அத்தனையையும் முயன்று பார்ப்பது அரிதன்று. 2008 மே மாதம் குறை வெளிப்படும்வரை, ஏறக்குறைய இருபது மாதங்கள், கருவி அமைதியாகவே இருந்தது.

அவர் கேட்டுச் செய்தவர் என்பதை மறந்து பழிப்பது அறமன்று. வடிவம் ஒன்றாயினும் இடம் வேறு என்பதே அங்குத் தவறவிடப்பட்டது. தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. வல்லெழுத்தைக் கண்டவுடன் ஒற்று மிகவேண்டுமெனச் சிவப்பு மையிடுபவர், வினைத்தொகையாகிய ஊறுகாயையும் 'ஊறுக்காய்' ஆக்கிவிடுவார். மாணவனோ அடுத்த கட்டுரையில் கண்ட இடமெல்லாம் ஒற்றிட்டு வைப்பான். பாவம், அவனுக்கு வேண்டியது சிவப்பு மையற்ற ஏடு!

நிரலாளரும் இதனையே செய்கின்றனர். ஒரு மாறிக்கு மதிப்பு இடப்படாமல் இருக்கக்கூடும் என்று கம்பைலர் முறையிட்டால், பொருளற்ற சுழியம் ஒன்றை முன்கூட்டியே இட்டு அதனை அடக்குவர். பின்னர் உரிய மதிப்பை இட உண்மையாகவே மறந்தாலும் கருவி வாய்திறவாது. லினசு டோர்வால்ட்சு 2020 மே மாதம், இந்த எச்சரிக்கை வகையையே லினக்ஸ் உட்கருவின் வழக்கமான தொகுப்பிலிருந்து விலக்கினார். 2021 செப்டம்பரில் அவரே, எஞ்சிய எச்சரிக்கைகள் அனைத்தையும் பிழைகளாகவே கொள்ளவேண்டுமெனப் பணித்தார். எதிர்ப்பு எழவே சில நாள்களில் அதனைத் தளர்த்தினார். இவ்விரு செயல்களும் முரண்போலத் தோன்றினும் முரணல்ல. பொய்யுரைக்கும் வாயை மூடினாலன்றி, ஏனைய சொற்களுக்குச் செவிசாய்க்குமாறு எவரையும் வற்புறுத்த இயலாது.

எஞ்சுவது, ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கையை அடக்குபவர் தம் காரணத்தை அருகிலேயே எழுதிவைக்கும் கடமை. ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் தீங்கற்ற வரியின் பக்கத்தில், இங்கே கருவி குறை கூறும் என்றொரு சிறுகுறிப்பு முன்பே இருந்தது. உயிர்வரியின் பக்கத்தில் அத்தகைய குறிப்பு இல்லை. அதனை நீக்கலாகாது என்று அங்கே எழுதப்பட்டது, கேடு வெளிப்பட்ட பின்னரே.